அந்தப் பக்கத்துப் பெடியன்

எங்கள் வாய்க்கால் ஊரில் பத்தாம் இலக்கப் பெனியனைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. அது வினோதனுடையது. மாரி வந்தால் குளம் நிரம்பும், பந்து விளையாடினால் வினோதன் பத்தாம் இலக்கம் போடுவான், அவ்வளவுதான். அவனுக்கு முப்பத்திரண்டு வயதாகிவிட்டதையும், ஒவ்வொரு ஆட்டம் முடியவும் வலது முழங்கால் வீங்குவதையும் ஊர் கணக்கில் எடுக்கவில்லை. வீக்கத்துக்கு நொச்சியிலை அவித்து ஒத்தடம் கொடுப்பவள் அவன் மனைவி கஜேந்தினி. அவளும் வாயைத் திறப்பதில்லை.

ஆனால் போன வருடம் இறுதியாட்டத்தில், கோலுக்கு நேர் முன்னால் நின்று அவன் ஆகாயத்துக்கு அடித்த பந்தை எல்லோரும் பார்த்தார்கள். அந்தப் பந்து இன்னும் கீழே வரவில்லை என்று பாலனின் பசளைக் கடையடியில் பகிடி விட்டுக்கொண்டிருப்பார்கள். வினோதன் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினை நிறுத்திவிட்டு வந்தால் மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார்கள். அவன் மடையன் இல்லை, வந்த வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவான்.

இப்படியிருக்கும்போதுதான் மெல்பேணிலிருந்து முத்துலிங்கம் கிருபனுடைய கதையை எடுத்தார். முத்துலிங்கம் எங்கள் ஒளிச்சுடர் விளையாட்டுக் கழகத்தின் போசகர். பெனியன், பந்து, கோல் வலை எல்லாம் அவர் அனுப்புவது. அங்கே போய் இருபது வருடத்தில் அவருக்கு அந்த நாட்டுப் பந்தாட்டத்தில் பைத்தியம் பிடித்துவிட்டது. பந்து முட்டை வடிவமாம். காலாலும் அடிக்கலாம், கையில் தூக்கிக்கொண்டும் ஓடலாம், மற்றவன் தோளில் ஏறி நின்றும் பிடிக்கலாம். அதற்கு ஏன் பந்தாட்டம் என்று பெயர், சண்டை என்றே சொல்லலாமே என்று கழகத் தலைவர் பாலன் ஒருமுறை கேட்டு, அரை மணித்தியாலம் பேச்சு வாங்கினார். முத்துலிங்கம் அங்கே ஆதரிக்கும் கழகம் இந்த வருடம் ஒரு புது ஆளை எடுத்திருக்கிறதாம். பந்தில் மன்னன், ஆனால் போன இடமெல்லாம் ஆட்களை இரண்டாகப் பிரித்தவன். அவனை எடுத்தது சரியா பிழையா என்று மெல்பேண் முழுக்க அடிபடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில், பூநகரிப் பக்கம் ஒரு பெடியன் விளையாடுகிற வீடியோ பார்த்தேன், அவனை விசாரியுங்கள் என்றார்.

விசாரிக்க ஒன்றும் இருக்கவில்லை. கிருபனை எல்லோருக்கும் தெரியும். கனகராயன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள குடியேற்றத்துப் பெடியன். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்துத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் காடு வெட்டி இருந்த இடம் அது. இருபத்திரண்டு வயதுக்குள் இரண்டு கழகம் மாறிவிட்டான். ஒன்றில் நடுவரோடு சண்டை, மற்றதில் தன்னுடைய கோல் காப்பாளனோடேயே சண்டை. ஆனால் காலில் பந்து பட்டால் பந்து செத்துப்போய்க் கிடக்கும், அவன் எழுப்பினால்தான் எழும்பும் என்று அவனைப் பிடிக்காதவர்களே சொன்னார்கள்.

கழகக் கூட்டத்தில் பாதிப் பேர் வேண்டும் என்றார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். கடைசியில் பாலன் ஒரு வழி சொன்னார். பெடியன் ஒரு மாதம் வந்து நிற்கட்டும். பயிற்சியில் பார்ப்போம், சினேகபூர்வ ஆட்டம் ஒன்றிலும் பார்ப்போம். பிறகு வினோதன் சொல்லட்டும். அவன் ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை. முத்துலிங்கமும் போனில் அதற்குச் சம்மதித்தார். அவருடைய கழகத்திலும் ஒரு ஆளை எடுக்க முதல் காலையும் குணத்தையும் நிறுத்துப் பார்ப்பார்களாம்.

அவன் எங்கே தங்குவது என்று யாரும் கேட்கவில்லை. வெளியூர் ஆள் எங்களுக்கு விளையாட வந்தால் அணித்தலைவர் வீட்டில்தான் படுக்கை, சாப்பாடு. எங்கள் அப்பாமார் காலத்திலிருந்து அதுதான் முறை. வினோதனும் தலையை ஆட்டிவிட்டு வந்தான். தன் இடத்துக்கு வருகிறவனுக்குத் தன் வீட்டிலேயே சோறு போட்டு, அவன் நல்லவனா என்று தானே சொல்ல வேண்டும். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் காய்ச்சல் என்று படுத்திருப்பேன்.

கஜேந்தினி விசயத்தைக் கேட்டதும் வினோதனை விடக் கூட எரிந்தாள். பதினொரு வருடமாகச் சேறும் புழுதியும் பிடித்த பெனியனைத் தோய்த்தவள் அவள். வாற ஆளுக்குச் சோறும் பருப்பும்தான், மீனைக் கண்ணிலும் காட்டமாட்டேன் என்று கிணற்றடியில் நின்று அயலுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

கிருபன் வந்தது பங்குனியில், வெட்டு முடிந்து நெல் காயப்போட்டிருந்த ஒரு பின்னேரம். வீதியோரம் படங்கு விரித்து வினோதனும் கஜேந்தினியும் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்கள். பங்குனியில் மழை வராது என்பது எங்கள் நம்பிக்கை, அன்றைக்கு இரணைமடுப் பக்கம் வானம் கறுத்தது. காற்று எழும்பியதும் வீதி முழுக்க ஆட்கள் தங்கள் தங்கள் நெல்லுக்கு ஓடினார்கள். அந்த நேரத்தில் சைக்கிள் கைபிடியில் சப்பாத்தைக் கட்டித் தொங்கவிட்டபடி ஒரு பெடியன் வந்தான். யார் வீடு என்று கேட்கவும் இல்லை. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுப் படங்கின் மற்றத் தலைப்பைப் பிடித்தான். குவித்தார்கள், சாக்கில் அள்ளினார்கள். வினோதன் ஒரு சாக்கைத் தோளில் ஏற்றி, முழங்கால் மடங்காமல் மெல்ல நடந்து விறாந்தைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பும்போது, பெடியன் இரண்டாவது சாக்கோடு அவனைக் கடந்து போனான். மூன்றாவதையும் அவனே தூக்கினான். கடைசிச் சாக்கு உள்ளே போகவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

ஒரு நெல் நனையவில்லை. அன்றிரவு கிருபனின் கோப்பையில் சோற்றுக்கும் பருப்புக்கும் பக்கத்தில் பொரித்த முட்டை இருந்தது. வினோதனுக்கும் முட்டை இருந்ததுதான். ஆனால் அவன் பார்த்தது மற்றக் கோப்பையை. பெண்ணின் கோபமும் பங்குனி மழையும் எவ்வளவு நேரத்துக்கு என்று சொல்லி நாங்கள் பிறகு கஜேந்தினியைப் பகிடி பண்ணினோம்.

அடுத்த நாள் காலை வினோதன் லாண்ட்மாஸ்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தபோது குசினிக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. கிருபன் தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். கஜேந்தினி பிட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள்.

“உங்க அம்மா அமராவதியம்மாவா? எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளித்தான்கா. எங்க அம்மாவுக்குக் காய்ச்சல்னா கசாயம் வச்சுக் குடுக்கிறது அவங்கதான்” என்றான் கிருபன்.

“அட, நீ செல்லம்மா அக்கா மவனா? மூக்கு ஒழுகிக்கிட்டு அம்மணமா திரிஞ்சியே, அவனா நீ?” என்றாள் கஜேந்தினி.

டீசல் தாங்கி நிரம்பி வழிந்தது. கஜேந்தினியின் தாய் அந்தப் பக்கத்தவள் என்பதை வினோதன் மறைத்துக் கலியாணம் செய்யவில்லை. தகப்பன் எங்கள் பக்கத்து ஆள்தான், ஆனாலும் வினோதனின் வீட்டார் ஒத்துக்கொள்ளவில்லை. பெற்ற தாய் ஆறு மாதம் கதைக்காமல் இருந்தபோதும் அவன் அசையாமல் நின்று அவளைக் கட்டியவன். அதில் அவனுக்குப் பெருமை உண்டு, எங்களுக்கும் அவன்மேல் மதிப்பு உண்டு. ஆனால் கலியாணமாகி வந்த புதிதில் அவளுடைய பேச்சைக் கேட்டு மாமியார் வீட்டில் சிரித்தார்கள். அவள் ஒரு மாதத்துக்குள் எங்களைப் போலவே கதைக்கப் பழகிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் வாயில் அந்தப் பேச்சு வந்து வினோதன் கேட்டதில்லை. அந்தச் சிரிப்பையும் கேட்டதில்லை. பதினொரு வருடம் தன்னோடு இருந்தவளிடம் தனக்குத் தெரியாத ஒரு ஆள் இருப்பதை, நேற்று வந்தவன் தேங்காய் துருவிக்கொண்டே வெளியில் எடுத்துவிட்டான். அப்போதுதான் அவித்து இறக்கிய பிட்டை ஆறிவிட்டது என்று வினோதன் தள்ளிவிட்டுப் போனான்.

பொறாமை வந்தால் மனிதனுக்குக் கண் கூர்மையாகும். அந்த மாதம் வினோதனைப் போலக் கிருபனைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. நாங்கள் மைதானத்தில் அவன் கோல் அடிக்கும்போது கைதட்டினோம், அவன் மற்றவர்களை ஏசும்போது திட்டினோம். வினோதன் அவனுடைய பாதங்களைப் பார்த்தான். எந்தக் காலை ஊன்றுகிறான், பந்து போன பிறகு எங்கே நிற்கிறான், மூச்சு வாங்கும்போது எந்தப் பக்கம் திரும்புகிறான். இரவில் விறாந்தையில் படுத்திருப்பவன் புரளும் சத்தத்தைக்கூட அறைக்குள் கிடந்து கேட்டான். ஏழு வயது மகள் லக்சிகா பள்ளிக்கூடத்தால் வந்து “கிருபன் மாமா எங்க?” என்று கேட்டால், அதையும் மனதில் போட்டு வைத்தான்.

சினேகபூர்வ ஆட்டம் பூநகரியில் நடந்தது. ஊர் முழுக்க ஒரு பஸ் பிடித்துப் போனோம். உப்புக் காற்று, பொருக்கு வெடித்த தரை, பந்து நினைத்த பக்கம் துள்ளும். வினோதன் இடது பக்கம் விளையாடினான். நடுவில் கிருபன். முதற் பாதியில் கிருபன் மூன்று பேரைத் தாண்டிப் போய் ஒரு கோல் அடித்தான். வேலியோரம் நின்ற கிழவர்கள்கூட எழும்பிவிட்டார்கள். இரண்டாம் பாதியில் வினோதன் இடது பக்கத்தில் தனியே நின்று கையைத் தூக்கித் தூக்கிக் கேட்டான். நாலு தரம் கேட்டிருப்பான். கிருபன் ஒரு தரம் நிமிர்ந்து அவனைப் பார்த்தான், பார்த்துவிட்டுத் தானே கொண்டு ஓடிப் பறிகொடுத்தான். பிறகு எங்கள் கோல் காப்பாளன் சுஜிதன் ஒரு பந்தை விட்டபோது, அத்தனை சனத்துக்கும் கேட்கக் கிருபன் அவனை ஏசினான். நடுவரோடு வாதாடி மஞ்சள் அட்டையும் வாங்கினான். ஆனாலும் கடைசி நிமிடத்தில் இன்னொரு கோல் அடித்தான், நாங்கள் வென்றோம்.

திரும்பி வரும்போது பஸ் இரண்டாகப் பிரிந்துவிட்டது. முன்னால் இருந்தவர்கள் அவன் இல்லாவிட்டால் இன்றைக்கு வெற்றி இல்லை என்றார்கள். பின்னால் இருந்தவர்கள் அவன் இருந்தால் நாளைக்குக் கழகமே இல்லை என்றார்கள். கிருபன் யன்னலோரம் தலையைச் சாய்த்து நித்திரை கொண்டான். அவன் மடியில் லக்சிகாவும் நித்திரை. வினோதன் கால் வீக்கத்தோடு நின்றுகொண்டு வந்தான்.

வீட்டுக்கு வந்து கஜேந்தினி நொச்சியிலையை அடுப்பில் வைத்தாள். கிருபன் வாய்க்காலில் குளிக்கப் போயிருந்தான்.

“என்னவாம், வாயை மூடிக்கொண்டிருக்கிறியள்?” என்றாள்.

“என்னத்தைக் கதைக்க? பாத்தனிதானே. ஆளைப் பாத்தும் பந்து தரேல்லை.”

“தரேல்லைதான். பிழைதான். கூப்பிட்டு வைச்சுச் சொல்லுங்கோவன்.”

“நான் சொல்லி அவர் கேப்பாரோ? நீ சொல்லு. உன்ரை சொல்லுத்தானே எடுபடும். ரெண்டு பேரும் விடிஞ்சால் பொழுதுபட்டால் கதைதானே.”

கஜேந்தினி சூட்டுத் துணியை முழங்காலில் வைத்து அழுத்தினாள். அவன் முகம் சுளித்தான்.

“அவன் என்ரை தம்பி மாதிரி. அம்மாவின்ரை ஊர்ப் பெடியன். அவனோடை கதைச்சால் அம்மாவோடை இருந்த மாதிரிக் கிடக்கு. அது உங்களுக்கு விளங்காதோ?”

“விளங்குது. இந்த வீட்டிலை இவ்வளவு நாளும் நீ ஊமையாய் இருந்த மாதிரியெல்லோ கதைக்கிறாய்.”

அவள் துணியை எடுத்து நொச்சித் தண்ணீரில் திரும்பத் தோய்த்துப் பிழிந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

“உங்களுக்கு எரிச்சல். என்னிலை இல்லை, அவன்ரை காலிலை. எனக்கும் எரிச்சல்தான், ஏன் பொய் சொல்லுவான். உங்கடை பத்தாம் நம்பரை இன்னொருத்தன் போடுறதைப் பாக்க எனக்கு மனமில்லை. ஆனால் பாருங்கோப்பா, அவன் உங்களை விடத் திறம். அதை ஒருக்கால் வாயாலை சொல்லிப்போட்டால் இந்தக் கால்நோவிலை பாதி குறையும்.”

வினோதன் காலை இழுத்துக்கொண்டான். அவள் சொன்னது உண்மை என்று அவனுக்குத் தெரியும். பூநகரி மைதானத்தில், கிருபன் மூன்றாவது ஆளைத் தாண்டின இடத்திலேயே தெரியும். தனக்கு இருபத்திரண்டு வயதில்கூட அப்படி வந்ததில்லை என்பதும் தெரியும். அதை மனைவி வாயால் கேட்டபோது தாங்க முடியவில்லை.

அடுத்த நாள் பொழுதுபட வினோதன் வாய்க்கால் கட்டின் மேல் போய் இருந்து, முத்துலிங்கத்துக்கு வாட்ஸ்அப்பில் குரலாகச் சொல்லத் தொடங்கினான். ஒன்று, வலது கால் மட்டும்தான், இடது காலுக்குப் பந்து வந்தால் திரும்பித் திரும்பி நேரத்தை வீணாக்குவான். இரண்டு, பந்து பறிபோனால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பான், பின்னுக்கு ஓடி வரமாட்டான். மூன்று, தனியே நிற்கிற ஆளைக் கண்டும் கொடுக்கமாட்டான். நான்கு, நடுவரோடு வாய். ஐந்து, கூட விளையாடுகிறவனைச் சபையில் அவமானப்படுத்துவான். அவ்வளவும் உண்மை, ஒரு சொல் கூட்டிச் சொல்லவில்லை. அவன் அடித்த கோல்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவில்லை.

முத்துலிங்கம் உடனே கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பினார். இதெல்லாம் திருத்தலாம் தம்பி, சின்னப் பெடியன்தானே, இதைவிட மோசமானவனை இங்கே எடுத்து ஆளாக்கியிருக்கிறார்கள் என்றார். விளையாட்டை விடு, ஆள் எப்படி, எங்கள் ஊரோடு ஒத்துப்போவானா என்று கேட்டார்.

வினோதன் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்தான். ஐந்து குறையும் போதாமல் போய்விட்டது. வாய்க்காலின் மற்றப் பக்கம் கிருபன் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு போனான்.

“முத்தண்ணை, ஒண்டு சொல்லுறன், குறை நினையாதையுங்கோ. அந்தப் பக்கத்து ஆக்கள் ஓரிடத்திலை நிண்டுபிடிக்கிற ஆக்கள் இல்லை. சோறு போட்ட வீட்டையும் மறந்துபோட்டு, கூடக் குடுக்கிறவனோடை போயிடுவினம். அது அவையின்ரை ரத்தத்திலை இருக்கு. நம்பி எடுக்கேலாது.”

சொன்னவன் யார்? எங்கள் ஊரே யாழ்ப்பாணத்திலிருந்து வாய்க்கால் தண்ணீரைத் தேடி வந்து குடியேறிய ஊர். யுத்தத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து நிற்காத மரம் இந்த வன்னியில் இல்லை. முத்துலிங்கம் நின்றுபிடித்த இடம் மெல்பேண். ஆனால் எங்களில் ஒருவன் இப்படிச் சொன்னால் மற்றவனுக்கு அது விளக்கம் தேவைப்படாத கதை. முத்துலிங்கம் அதற்குப் பதில் அனுப்பவில்லை. கூட்டத்துக்குப் போன் எடுத்து, வினோதன் சொன்னபடி செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார்.

பாலன் வந்து கிருபனிடம் சொன்னார். பெடியன் ஏன் என்று கேட்கவில்லை. உடுப்பைப் பையில் வைத்து, சப்பாத்தைச் சைக்கிள் கைபிடியில் கட்டினான். கஜேந்தினி பார்சல் கட்டிக் கொடுத்தாள், அதில் மீன் பொரியல்தான் கூட. அவன் படலையைத் தாண்டியதும் அவள் திரும்பி வந்து வினோதனுக்கு முன்னால் நின்றாள்.

“என்ன சொன்னனீங்கள் அவருக்கு?”

“விளையாட்டைப் பற்றித்தான். ஒரு பொய் சொல்லேல்லை.”

“வேறை ஒண்டும் இல்லையே?”

“வேறை என்ன கிடக்கு?”

அவள் நம்பினாள். வீடு பழையபடி ஆகிவிட்டது. பத்தாம் இலக்கம் வினோதனின் கொடியில் காய்ந்தது. சிறுபோகத்துக்குக் குளம் திறந்தார்கள், விதைத்தோம், யானைக்குக் காவல் இருந்தோம். ஒரே ஒரு வித்தியாசம், குசினிக்குள் அந்தச் சிரிப்பு இல்லை. வினோதன் அதைத் தேடுகிறானோ என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

ஆவணியில், சிறுபோகம் வெட்டி முடிந்த கையோடு, பளையில் ஒரு ஞாபகார்த்தக் கிண்ணம் வந்தது. நாங்கள் இறுதிக்குப் போனோம். எதிரே வந்தது அந்தப் பக்கத்துக் குடியேற்றத்துக் கழகம். அதுவரை முதற் சுற்றைத் தாண்டாத கழகம் அது. ஆட்களுக்கு ஒரே நிறப் பெனியன்கூட இல்லை, உழவு மெசின் பெட்டியில் ஏறி வந்திருந்தார்கள். கிருபன் அவர்களுக்கு விளையாடினான். வேறு இரண்டு பெரிய கழகங்கள் கேட்டும் போகவில்லை என்று பிறகுதான் அறிந்தோம்.

சோளகக் காற்று புழுதியைத் தூக்கி அடித்தது. முதலில் வினோதன்தான் கோல் போட்டான், தலையால். எங்கள் பக்கம் ஆர்ப்பரித்தது. கஜேந்தினியும் லக்சிகாவைத் தூக்கிக் காட்டினாள். அதற்குப் பிறகு நடந்ததை மைதானத்தில் வினோதன் ஒருவன்தான் முழுதாக விளங்கிக்கொண்டான். பந்து பறிபோனதும் கிருபன் தன் கோல் வரைக்கும் ஓடிப் போய் மீட்டான். நடுவர் பிழையாக ஊதியபோது தலையைக் குனிந்துகொண்டு பின்னால் நடந்தான். வினோதனின் அந்தக் கோலை விட்ட தங்கள் காப்பாளனிடம் போய் முதுகில் தட்டினான். பிறகு ஒரு பந்து அவனுடைய இடது காலுக்கு வந்தது. வினோதன் அவனுக்கு முன்னால் நின்றான், இனித் திரும்புவான் என்று வலது பக்கத்தை மறித்துக்கொண்டு நின்றான். கிருபன் திரும்பவில்லை. இடது காலாலேயே அடித்தான். வலை ஆடியது.

தான் வாய்க்கால் கட்டில் இருந்து சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக எழும்பித் தன்னைச் சுற்றி ஓடுவதை வினோதன் கண்டான். இது தற்செயல் இல்லை. கடைசியில், கோலுக்கு முன்னால் தானே அடித்திருக்கக்கூடிய பந்தை, பக்கத்தில் தனியே நின்ற ஒரு ஒல்லிப் பெடியனுக்குக் கிருபன் தட்டிக் கொடுத்தான். அந்தப் பெடியன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். இரண்டுக்கு ஒன்று.

கிண்ணம் கொடுத்து முடிந்தது. வினோதன் மைதான ஓரத்தில் காலை நீட்டி இருந்தான், கஜேந்தினி சோடாப் போத்தலோடு பக்கத்தில் நின்றாள். கிருபன் வியர்வையோடு அவர்களிடம் வந்தான். முதலில் லக்சிகாவின் தலையைத் தடவினான்.

“அண்ணை, உங்களுக்கு நன்றி சொல்லாமல் போகேலாது” என்றான்.

வினோதன் நிமிர்ந்து பார்த்தான்.

“மெல்பேண் ஐயா உங்கடை குரல் எல்லாத்தையும் எனக்கு அனுப்பினவர். அங்கை ஒருத்தனை வேண்டாம் எண்டு விட்டால், ஏன் விட்டதெண்டு அவனுக்குச் சொல்லுறது முறையாம். ‘கப்டன் சொன்னதைக் கேட்டுத் திருந்தி வா தம்பி’ எண்டு போட்டிருந்தார். எல்லாரும் எனக்குக் கைதட்டினவை, இல்லாட்டிப் பேசினவை. என்னை வடிவாப் பாத்தது நீங்கள் ஒருத்தர்தான். தினம் ஒருக்கால் போட்டுக் கேட்டனான். இடது கால்தான் கனநாள் எடுத்தது.”

கஜேந்தினிக்கு முகம் மலர்ந்தது. அவள் வினோதனைப் பெருமையாகப் பார்த்தாள். வினோதன் மனதுக்குள் கணக்குப் பார்த்தான். முத்துலிங்கம் எல்லாவற்றையும் அனுப்பினார் என்றால், எல்லாவற்றையும்தான்.

கிருபன் போகத் திரும்பினான், பிறகு நின்றான். களைப்பில் அவனுக்கு வீட்டுப் பேச்சு வந்தது.

“அஞ்சையும் திருத்திக்கிட்டேன் அண்ணே. ஆறாவதா ஒண்ணு சொன்னீங்களே, அதுதான் எப்படித் திருத்துறதுன்னு தெரியல.”

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டான் என்றுதான் பக்கத்தில் நின்ற எனக்குப் பட்டது. பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, அக்கா வாறேன் என்று கஜேந்தினிக்குச் சொல்லிப் போனான்.

“ஆறாவது என்ன?” என்றாள் கஜேந்தினி.

வினோதன் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினான்.

“இஞ்சேருங்கோ. ஆறாவது என்ன?”

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் குரல் தன் மாமி அமராவதியின் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளித் தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். அந்தப் பக்கத்து ஆட்கள் நின்றுபிடிக்கமாட்டார்கள் என்பதையும், சோறு போட்ட வீட்டை என்பதையும், ரத்தம் என்பதையும், ஒன்றும் விடாமல் சொன்னான். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

கஜேந்தினி சோடாப் போத்தலை அவனுக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்தாள்.

“பதினொரு வருசம்” என்றாள். “உங்கடை அம்மா சிரிச்ச நாளிலையிருந்து நாக்கை மாத்திக்கொண்டு நிண்டுபிடிச்சனான். நீங்கள் அதைக் காணேல்லை என்ன?”

வினோதன் எழும்பப் பார்த்தான். முழங்கால் விடவில்லை.

அவள் லக்சிகாவின் கையைப் பிடித்தாள். எங்கள் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் மைதானத்துக்குக் குறுக்கே நடந்தாள். அங்கே உழவு மெசினைச் சுற்றி நின்று கிண்ணத்துக்குள் சோடா ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் விலகி வழி விட்டார்கள். கிருபன் குனிந்து பிள்ளையைத் தூக்கிப் பெட்டியில் விட்டான். கஜேந்தினி சில்லில் கால் வைத்துத் தானே ஏறினாள். மெசின் அவளுடைய தாய் வீட்டுப் பக்கமாகத் திரும்பியது.